ஆஸ்டெரிஸ்க் அழைப்புத் திட்டம்

ஆஸ்டெரிஸ்க் அழைப்புத் திட்டம் என்பது ஆஸ்டெரிஸ்க் என்னும் கட்டற்ற தொலைபேசி இணைப்பக மென்பொருளுக்கு வந்துசேரும் ஒவ்வோர் அழைப்பும் எவ்வழியே செல்லவேண்டும், வழியில் என்னென்ன நிகழவேண்டும் என்பதை வரையறுக்கும் கட்டளைத் தொகுப்பு ஆகும். எந்த எண்ணை அழுத்தினால் எந்தத் தொலைபேசி ஒலிக்கும், எத்தனை நொடிகள் ஒலிக்கும், யாரும் எடுக்காவிட்டால் அழைப்பு குரலஞ்சலுக்குச் செல்லுமா அல்லது வேறொருவரின் மேசைக்குச் செல்லுமா, அலுவலக நேரம் முடிந்தபின் அழைப்பவருக்கு என்ன அறிவிப்பு கேட்கும் என்பன அனைத்தும் இதில் அடங்கும். இத்திட்டம் ஆஸ்டெரிஸ்க்கின் சொந்தக் கட்டளை மொழியிலோ, லுவா போன்ற பொதுவான ஸ்கிரிப்ட் மொழியிலோ எழுதப்படலாம்.

இக்கட்டுரையில் கட்டளைகளும் குறியீடுகளும் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. கோப்பில் அவற்றை இலத்தீன் எழுத்துகளிலேயே எழுதவேண்டும்.

பின்னணி

அலுவலகங்களில் பயன்படும் பிபிஎக்ஸ் எனப்படும் தனியார் இணைப்பகங்கள் நெடுங்காலம் மூடிய பெட்டிகளாகவே இருந்தன. அழைப்புகளை வழிப்படுத்தும் விதிகள் தயாரிப்பாளர் தந்த வசதிகளுக்குள் அடங்கியவை. அவற்றுள் ஒன்றை மாற்றவேண்டுமெனில் பெரும்பாலும் அந்நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளரே வரவேண்டும்.

ஆஸ்டெரிஸ்க்கை 1999 இல் எழுதத் தொடங்கியவர் மார்க் ஸ்பென்சர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த அவர், லினக்ஸ் பயனர்களுக்கு உதவி வழங்கும் ஒரு சிறு நிறுவனத்தையும் நடத்திவந்தார். அதற்கு ஒரு தொலைபேசி இணைப்பகம் தேவைப்பட்டது. விலையோ கைக்கு எட்டவில்லை. எனவே தாமே ஒன்றை எழுதினார். சாதாரணக் கணினியைத் தொலைபேசி இணைப்புகளுடன் பொருத்தும் மலிவான அட்டைகளை ஜிம் டிக்சன் தமது சபாட்டா திட்டத்தின்வழி உருவாக்கியிருந்தமை இம்முயற்சிக்குப் பெருந்துணை ஆயிற்று. ஸ்பென்சரின் நிறுவனம் பின்னர் டிஜியம் எனப் பெயர் மாறியது. 2018 இல் அதனைச் சங்கோமா நிறுவனம் வாங்கியது. ஆஸ்டெரிஸ்க்கின் 1.0 பதிப்பு 2004 இல் வெளியானது. அது குனூ பொது மக்கள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்கீழ் வழங்கப்படுகிறது.

ஆஸ்டெரிஸ்க் என்னும் சொல் உடுக்குறியைக் குறிக்கும். தொலைபேசி விசைப்பலகையில் அக்குறி உண்டு. யுனிக்சில் அது 'எதுவாகவும் இருக்கலாம்' எனப் பொருள்படும். பெயர் தேர்ந்தவரின் நோக்கம் இரண்டையும் தழுவியது.

அடிப்படை அமைப்பு

மரபான அழைப்புத் திட்டம் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' என்னும் உரைக் கோப்பில் எழுதப்படுகிறது. கோப்பு பல பகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு பகுதியும் 'கான்டெக்ஸ்ட்', அதாவது சூழல், எனப்படும். ஒரு சூழலுக்குள் கிளை எண்கள் வரும். ஒவ்வொரு கிளை எண்ணின்கீழும் வரிசை எண்ணிட்ட படிகள் வரும். ஒரு படி ஒரு செயலைச் செய்யும். ஓர் எளிய எடுத்துக்காட்டு:

எக்ஸ்டென் => 101,1,டயல்(பிஜேசிப்/101,20)
எக்ஸ்டென் => 101,2,வாய்ஸ்மெயில்(101)
எக்ஸ்டென் => 101,3,ஹேங்கப்()

101 ஐ அழைத்தால் அத்தொலைபேசி 20 நொடிகள் ஒலிக்கும், எடுக்கப்படாவிட்டால் அழைப்பு குரலஞ்சல் பெட்டிக்குச் செல்லும், பின் துண்டிக்கப்படும். இங்கு 'கிளை எண்' என்பது ஒரு தொலைபேசிக் கருவியின் பெயர் அன்று என்பதைப் புதியவர்கள் அடிக்கடி தவறவிடுவர். அது படிகளின் தொகுதிக்கு இட்ட பெயர் மட்டுமே. 101 என்னும் கிளை எண் எந்தக் கருவியையும் ஒலிக்கச் செய்யாமல் நேரத்தை மட்டும் படித்துச் சொல்லலாம். அழைத்தவர் எண் எதையும் தெரிவு செய்யாதபோது பயன்படும் 'எஸ்', தவறான தெரிவுக்கு 'ஐ', காலம் கடந்தால் 'டி', அழைப்பு முடிந்தபின் 'எச்' என எழுத்துகளால் ஆன சிறப்புக் கிளைகளும் உண்டு.

தொடக்கப் பதிப்புகளில் ஒவ்வொரு படிக்கும் எண்ணைக் கையால் இடவேண்டியிருந்தது. நடுவே ஒரு படியைச் செருகினால் அதற்குக் கீழுள்ள அனைத்தையும் மாற்றி எண்ணிடவேண்டும். இதைவிட விசித்திரமானது 101 விதி. அழைக்கப்பட்ட தொலைபேசி வேறு பேச்சில் இருந்தால், டயல் கட்டளை அடுத்த படிக்குச் செல்லாமல் தன் எண்ணுடன் 101 ஐக் கூட்டிய படிக்குத் தாவும். இரண்டாம் படியில் டயல் இருந்தால் 103 ஆம் படியில் தொடரும். பேசிக் நிரல்மொழியை வரி எண்களோடு எழுதிப் பழகியவர்களுக்கு இது பழைய நினைவுகளைத் தந்திருக்கும். மற்றவர்களுக்குத் தலைவலியைத் தந்தது. பின்னர் 'அடுத்தது' எனப் பொருள்படும் 'என்' என்னும் குறி வரிசை எண்ணுக்கு மாற்றாக வந்தது. டயல் கட்டளை தன் விளைவை 'டயல்ஸ்டேட்டஸ்' என்னும் மாறியில் விட்டுச்செல்லும் முறை நிலைபெற்றதும் தாவல் விதி கைவிடப்பட்டது.

எண்வடிவங்கள்

ஆயிரம் எண்களுக்கு ஆயிரம் வரிகள் எழுதுவது இயலாது. ஆகவே அடிக்கோட்டில் தொடங்கும் எண்வடிவங்கள் பயன்படுகின்றன. 'எக்ஸ்' 0 முதல் 9 வரையிலும், 'இசட்' 1 முதல் 9 வரையிலும், 'என்' 2 முதல் 9 வரையிலும் உள்ள ஏதேனும் ஓர் இலக்கத்தைக் குறிக்கும். பகர அடைப்புக்குள் வேண்டிய இலக்கங்களை மட்டும் தரலாம். முற்றுப்புள்ளி, மீதி எதுவாக இருந்தாலும் எத்தனையாக இருந்தாலும் ஏற்கும். ஆனால் குறைந்தது ஒரு குறியாவது இருக்கவேண்டும்.

ஓர் எண் பல வடிவங்களுக்குப் பொருந்தினால் கோப்பில் எது முதலில் எழுதப்பட்டது என்பது கணக்கில் கொள்ளப்படாது. மிகக் குறுகலாகப் பொருந்துவதே வெல்லும். முழு எண்ணாக எழுதப்பட்டது வடிவத்தை வெல்லும். 'இசட்', 'எக்ஸ்' ஐ வெல்லும். முற்றுப்புள்ளி கடைசியில் நிற்கும். வரிகளின் வரிசையை மாற்றிப் பார்த்து மாற்றம் எதுவும் தெரியாமல் திகைப்பவர்கள் இவ்விதியை அறியாதவர்களே.

ஆயினும் இவ்விதி ஒரு சூழலுக்குள் மட்டுமே செல்லும். ஒரு சூழலில் வேறொரு சூழலைச் சேர்த்துக்கொள்ள 'இன்குளூட்' என்னும் கட்டளை உண்டு. அழைப்பு வந்த சூழலின் சொந்த வரிகள் முதலில் தேடப்படும். அங்கே எதுவும் பொருந்தாவிட்டால்தான், சேர்க்கப்பட்ட சூழல்கள் எழுதப்பட்ட வரிசையில் ஒவ்வொன்றாகத் தேடப்படும். சேர்க்கப்பட்ட சூழலில் எவ்வளவு துல்லியமான பொருத்தம் இருந்தாலும், சொந்தச் சூழலில் உள்ள பொதுவான வடிவம் அதனை மறைத்துவிடும். இது சிறு நுணுக்கம் போலத் தோன்றினும் உயிரோடு தொடர்புடையது.

அவசர எண்

வெளி இணைப்புப் பெற முதலில் 9 ஐ அழுத்தவேண்டும் என்பது அமெரிக்க அலுவலகங்களிலும் விடுதிகளிலும் பரவலாக இருந்த வழக்கம். ஆஸ்டெரிஸ்க்கில் இதற்கு 9 உடன் முற்றுப்புள்ளி சேர்ந்த வடிவத்தை எழுதி, முதல் இலக்கத்தை நீக்கிவிட்டு மீதியை வெளியே அனுப்புவர். அந்நாட்டின் அவசர எண்ணோ 911. மேற்கண்ட வடிவம் சொந்தச் சூழலிலும், 911 சேர்க்கப்பட்ட சூழலிலும் இருப்பின், 911 ஐ அழுத்துபவரின் அழைப்பிலிருந்து முதல் 9 நீக்கப்பட்டு வெறும் 11 வெளியே போகும். அழைப்பு எங்கும் சேராது. கோப்பைப் படிப்பவருக்கோ 911 க்கான வரி தெளிவாகக் கண்ணில் படும்; எல்லாம் சரியாக உள்ளதென்றே எண்ணத் தோன்றும்.

வழிப்படுத்தல் விதி ஒன்று எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு 2013 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷல் நகரில் நிகழ்ந்தது சான்று. விடுதி அறையொன்றில் ஒரு பெண் தாக்கப்பட்டார். உடனிருந்த அவருடைய ஒன்பது வயது மகள் தனக்குக் கற்பிக்கப்பட்டிருந்தபடியே 911 ஐ நான்கு முறை அழுத்தினாள். வெளி இணைப்புக்கு முதலில் 9 ஐ அழுத்தவேண்டும் என்பதை அச்சிறுமி அறியாள். அழைப்பு ஒருமுறையும் இணையவில்லை, தாய் இறந்தார். அவர் பெயரால் கேரி சட்டம் என வழங்கும் கூட்டாட்சிச் சட்டம் 2018 இல் இயற்றப்பட்டது. 2020 பிப்ரவரி 16 க்குப் பின் அமெரிக்காவில் விற்கப்படும் அல்லது நிறுவப்படும் பல இணைப்புத் தொலைபேசி அமைப்புகளில், முன்னொட்டு எதுவுமின்றி 911 ஐ நேரடியாக அழைக்க இயலவேண்டும் என்றும், அவ்வாறு அழைக்கப்படும்போது வரவேற்பு மேசை போன்ற ஓரிடத்துக்கு அறிவிப்பு செல்லவேண்டும் என்றும் அது கோருகிறது.

ஆஸ்டெரிஸ்க்கில் இதற்கான பாதுகாப்பான அமைப்பு எளியது. தொலைபேசிகள் வந்துசேரும் மேல்நிலைச் சூழலில் எண்வடிவம் எதையும் எழுதாமல், இன்குளூட் வரிகளை மட்டுமே வைக்கவேண்டும். அவற்றுள் அவசர எண்களுக்கான சூழல் முதலாவதாக இருக்கவேண்டும். அச்சூழலில் 911, 9911 இரண்டும் முழு எண்களாக எழுதப்படவேண்டும். பழக்கத்தால் 9 ஐ முன்னிட்டு அழுத்துபவரையும் கைவிடலாகாது.

சூழலும் பாதுகாப்பும்

சூழல் என்பது கோப்பை ஒழுங்குபடுத்தும் தலைப்பு மட்டும் அன்று. ஓர் அழைப்பு எந்தச் சூழலில் நுழைகிறதோ அங்கிருந்து எட்டக்கூடிய எண்களை மட்டுமே அதனால் அழைக்க இயலும். வரவேற்பறைத் தொலைபேசிக்கு உள் எண்களும் அவசர எண்களும், மேலாளருக்கு வெளிநாட்டு அழைப்புகளும் என உரிமைகள் இவ்வாறே பிரிக்கப்படுகின்றன. வெளியுலகிலிருந்து வரும் அழைப்புகளுக்குத் தனிச் சூழல் வேண்டும். அதிலிருந்து வெளியே செல்லும் வழி இருத்தல் கூடாது.

இதைப் பொருட்படுத்தாத நிறுவல்களின் செலவு அடுத்த மாதத் தொலைபேசிக் கட்டணத்தில் தெரியவரும். 'சிப்' நெறிமுறைக்கான பழைய இயக்கி, அடையாளம் காட்டாத விருந்தினரின் அழைப்புகளையும் இயல்பாகவே ஏற்று 'டிபால்ட்' என்னும் சூழலுக்கு அனுப்பிவந்தது. அச்சூழலில் வெளி அழைப்பு வரிகளும் இருந்தால் இணையத்தில் உள்ள எவரும் பிறர் செலவில் உலகெங்கும் பேசலாம். அவ்வியக்கி 2023 இல் வெளியான 21 ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் உள்ள 'பிஜேசிப்' இயக்கி, வெளிப்படையாக அமைக்கப்பட்டாலன்றி விருந்தினரை ஏற்பதில்லை.

2010 இல் ஆஸ்டெரிஸ்க் குழு வெளியிட்ட ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை இன்னும் நுட்பமான ஓட்டையைப் பற்றியது. முற்றுப்புள்ளி வடிவம் இலக்கங்களை மட்டுமன்றி எந்தக் குறியையும் ஏற்கும். சிப் அழைப்பில் எண்ணுக்குப் பதிலாக எழுத்துகளும் குறிகளும் வரலாம். டயல் கட்டளையிலோ 'உம்' குறியான & இட்டுப் பல கருவிகளை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யலாம். இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், 500 என்னும் எண்ணை அழைப்பது போலத் தொடங்கி, அதன்பின் & குறியும் வெளி இணைப்பொன்றின் பெயரும் கட்டணம் மிகுந்த எண்ணும் சேர்த்து அனுப்பும் ஒருவர், அழைப்புத் திட்டம் எழுதியவர் எண்ணியிராத அழைப்பொன்றை ஏற்படுத்திவிடலாம். தரவுத்தள நிரலாக்கத்தில் அறியப்பட்ட உட்புகுத்தல் தாக்குதலின் தொலைபேசி வடிவம் இது எனலாம். இங்கே பிழை மென்பொருளில் இல்லை, அதை வைத்து எழுதப்பட்ட திட்டத்தில் உள்ளது. ஆகவே மென்பொருளைப் புதுப்பிப்பதால் மட்டும் இது தீராது. எத்தனை இலக்கங்கள் வரும் எனத் தெரிந்த இடத்தில் அத்தனை 'எக்ஸ்' எழுதவேண்டும். தெரியாத இடத்தில் 'பில்டர்' என்னும் சார்பைக் கொண்டு இலக்கங்கள் அல்லாதவற்றை நீக்கியபின்னரே எண்ணை டயல் கட்டளைக்குத் தரவேண்டும்.

ஸ்கிரிப்ட் மொழிகள்

சொந்தக் கட்டளை மொழி சில பக்கங்கள்வரை நன்றாகவே பயன்படும். திட்டம் பெருகும்போது அதன் குறைகள் தெரியத் தொடங்கும். அணிகள் இல்லை. நிபந்தனை என்பது பெரும்பாலும் குறித்த படிக்குத் தாவுவதுதான். சுழல்களும் துணைநிரல்களும் உண்டு எனினும் அவை பிற்காலத்தில் ஒட்டப்பட்டவை. ஆண்டுக்குப் பதினைந்து விடுமுறை நாட்கள் உள்ள நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரச் சோதனை வரி எழுதுவதைக் காணலாம்.

இதற்கு முதல் தீர்வாக வந்தது ஏஈஎல் எனப்படும் மொழி. சி நிரல்மொழியைப் போன்ற அடைப்புகளும் நிபந்தனைகளும் கொண்ட இது, ஏற்றப்படும்போது பழைய படிகளாகவே மொழிபெயர்க்கப்படுகிறது. படிப்பதற்கு எளிது என்பதைத் தவிர புதிய ஆற்றல் எதையும் அது தரவில்லை.

1.6 பதிப்பில் 2008 இல் லுவா மொழிக்கான கூறு சேர்க்கப்பட்டது. லுவா 1993 இல் பிரேசிலின் ரியோ டி ஜனேரோ நகரில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் உருவான சிறிய மொழி. போர்த்துக்கீசிய மொழியில் அப்பெயருக்கு நிலா என்பது பொருள். வேறொரு மென்பொருளுக்குள் பொதிந்து பயன்படுத்தவே வடிவமைக்கப்பட்டமையால் அது இப்பணிக்கு இயல்பாகப் பொருந்தியது. இம்முறையில் அழைப்புத் திட்டம் முழுவதும் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' என்னும் பெயருடைய ஓர் அட்டவணை. அதன் சாவிகள் சூழல்களின் பெயர்கள். ஒவ்வொரு சூழலும் மற்றோர் அட்டவணை. அதன் சாவிகள் மேலே கண்ட அதே எண்வடிவங்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் மதிப்பாக ஒரு சார்பு இருக்கும். அழைப்பு வந்ததும் சூழலின் பெயரும் அழைக்கப்பட்ட எண்ணும் அச்சார்புக்குத் தரப்படும். ஆஸ்டெரிஸ்க்கின் கட்டளைகள் 'ஆப்' என்னும் அட்டவணை வழியாகவும், அழைப்பின் மாறிகள் 'சேனல்' வழியாகவும் கிடைக்கும். விடுமுறை நாட்களை ஒரு பட்டியலில் இட்டு, ஒரே சுழலில் சோதித்துவிடலாம். ஐம்பது கிளை எண்களுக்கும் ஒரே சார்பைப் பொருத்தலாம். வேண்டுமெனில் அட்டவணையையே நிரலால் நிரப்பலாம்.

அழைப்புத் திட்டம் எழுதி வந்தவர்கள் லுவாவில் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். லுவாவில் 'இல்' என்பதும் 'பொய்' என்பதும் மட்டுமே பொய்யாகக் கொள்ளப்படும். 0 என்பதும் வெற்றுச் சரமும் மெய்யே. அழைப்பாளரின் எண் மறைக்கப்பட்டு வெற்றுச் சரமாக வந்தால், 'எண் உள்ளதா' என்னும் கேள்விக்கு 'உண்டு' என்ற விடையே கிட்டும். மாறிகள் அனைத்தும் சரங்களாகவே வருவதால் எண்களோடு ஒப்பிடுமுன் மாற்றிக்கொள்ளவேண்டும். ஒவ்வோர் அழைப்புக்கும் லுவா தனித்தனியே இயங்குகிறது. ஓர் அழைப்பில் பொது மாறியில் இட்டது மற்றோர் அழைப்புக்குத் தெரியாது. அழைப்புகளுக்கிடையே எதையேனும் நினைவில் வைக்க ஆஸ்டெரிஸ்க்கின் உள் தரவுத்தளத்தை நாடலாம். 'கோட்டு' என்னும் கட்டளைச் சொல் லுவாவின் 5.2 பதிப்பிலிருந்து மொழிக்கே உரிய ஒதுக்கிய சொல் ஆகிவிட்டதால், அக்கட்டளையைப் பகர அடைப்பில் சரமாகத்தான் அழைக்க இயலும். சார்பே எல்லாப் பணியையும் செய்வதால் இங்கு ஒரு கிளை எண்ணுக்கு ஒரே படிதான். மூன்றாம் படிக்குத் தாவு என்பதற்கு இடமில்லை.

இலக்கணப் பிழையுள்ள லுவா கோப்பை மறுஏற்றம் செய்தால் ஆஸ்டெரிஸ்க் அதனை ஏற்காது. பிழையை அறிவித்துவிட்டுப் பழைய திட்டத்தையே தொடர்ந்து பயன்படுத்தும். நடந்துகொண்டிருக்கும் அழைப்புகளுக்கும் இடையூறு இராது. ஆனால் இயங்கும்போது நேரும் பிழை வேறு. பெயரில் ஓர் எழுத்து தவறிய சார்பை அழைக்கும் வரி இலக்கணப்படி சரியானதே. அந்த வரியை எட்டும் அழைப்பு அங்கேயே துண்டிக்கப்பட்டு, பதிவேட்டில் ஒரு குறிப்பு மட்டும் எழுதப்படும். பகலில் எழுதி, பகலில் சோதித்த திட்டத்தின் இரவுக் கிளையில் இத்தகைய பிழை இருப்பின், இரவில் அழைப்பவர்களே அதைக் கண்டறிவர். அவர்களால் அழைத்துச் சொல்லவும் இயலாது. எனவே நேரத்தைக் கணினிக் கடிகாரத்திலிருந்து நேரடியாகப் படிக்காமல் ஒரு சார்பின் வழியே பெற்று, சோதனையின்போது வேறு நேரம் தரும்படி எழுதுவது நல்ல வழக்கம்.

வெளி நிரல்கள்

லுவா கூறு வருமுன்பே ஏஜிஐ என்னும் இடைமுகம் இருந்தது. ஆஸ்டெரிஸ்க் ஒரு தனி நிரலைத் தொடங்கி, அழைப்பின் விவரங்களை அதன் உள்ளீட்டில் எழுதும். நிரல் தன் வெளியீட்டில் கட்டளைகளை எழுதும். இதற்கு எம்மொழியும் ஏற்றது. பேர்ல், பிஎச்பி, பைத்தான் ஆகியன மிகுதியாகப் பயன்பட்டுள்ளன. வாடிக்கையாளர் தரவுத்தளத்தைப் பார்த்து வழியைத் தெரிவு செய்வது போன்ற பணிகளுக்கு இது பொருத்தமானது. ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு புதிய செயல்முறை தொடங்கப்படுவது இதன் சுமை. அதைக் குறைக்க, நிரலை எப்போதும் இயங்கும் வழங்கியாக வைத்து 4573 ஆம் துறை வழியே பேசும் விரைவு ஏஜிஐ உள்ளது. 2013 இல் வெளியான 12 ஆம் பதிப்பு ஏஆர்ஐ என்னும் வலை இடைமுகத்தைக் கொண்டுவந்தது. அதில் அழைப்புத் திட்டம் அழைப்பை வெளி நிரலிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ளும்; சேனல்களையும் அவற்றை இணைக்கும் பாலங்களையும் அந்நிரலே ஆளும். அந்நிரல் நின்றுபோனால் அழைப்புக்கு என்ன நேரவேண்டும் என்பதைத் திட்டத்தின் அடுத்த படியில் எழுதிவைக்கவேண்டும். அவசர எண்களை இத்தகைய வெளி நிரல் எதையும் நம்பாத வழியில் வைப்பதே முறை.

வரைகலை இடைமுகங்கள்

கோப்பைக் கையால் எழுத விரும்பாதவர்கள் பிரீபிபிஎக்ஸ் போன்ற வலை இடைமுகங்களைப் பயன்படுத்துகின்றனர். அவை படிவங்களில் நிரப்பியதைக் கொண்டு அழைப்புத் திட்டத்தைத் தாமே எழுதிவிடும். அவ்வாறு எழுதப்பட்ட கோப்புகளில் கையால் செய்யும் மாற்றம் அடுத்த முறை 'மாற்றங்களைச் செயற்படுத்து' என்னும் பொத்தானை அழுத்தியதும் அழிந்துபோகும். சொந்த வரிகளுக்கெனப் பெயரில் 'கஸ்டம்' என்னும் சொல் உள்ள தனிக் கோப்பு உண்டு. அதனை இடைமுகம் தொடுவதில்லை. ஒரு நிறுவல் எவ்வழியில் அமைந்திருந்தாலும், இறுதியில் எந்த எண் எங்கே செல்கிறது என்பதை ஆஸ்டெரிஸ்க்கின் கட்டளை முனையத்தில் 'டயல்பிளான் ஷோ' என்னும் கட்டளையுடன் எண்ணையும் சூழலையும் தந்து பார்த்துவிடலாம்.